பென்சிலால் எழுதும் மூலை: பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பயோடேட்டாவை மூன்று தடவை படித்தேன். சனிக்கிழமை உங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம், நாற்பது கம்பெனிக்கு மேல் வருகிறது, நீ ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உங்கம்மா போனில் சொன்னாள். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். உன் வகுப்பில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

எட்டு வருடமாக எங்கள் கம்பெனி ஸ்டாலில் ஹெச்.ஆர். பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிற உனக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஒருவரிடம் பேசி முடித்ததும் பயோடேட்டாவின் வலது மூலையில் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதி வைப்போம். மதியத்துக்குள் முந்நூறு தாள் சேர்ந்துவிடும். சாயங்காலம் அம்பத்தூருக்குத் திரும்பி வந்து அடுக்கைப் பிரிக்கும்போது எந்த முகமும் ஞாபகம் இருக்காது. அந்த இரண்டு வார்த்தைதான் கை கொடுக்கும். மூலை காலியாக இருக்கும் தாள் அடியில் போய்விடும். நல்ல பிள்ளைகளின் தாள்களும் அப்படி அடியில் போயிருக்கின்றன, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். எலக்ட்ரிக்கல், இரண்டு அரியர் எழுதி முடித்தவன். மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகத்தை ஆரம்பித்தான், நடுவில் நின்றுவிட்டது. கை நடுங்குகிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை என்னப்பா செய்வாய் என்று தமிழிலேயே கேட்டேன். வியாசர்பாடியில் மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போவேன் மேடம் என்றான். அப்புறம் பேச்சு தானாக வந்தது. எரிந்துபோன காயிலை அறுத்து எடுப்பதற்கு முன்னால் சுற்று எண்ணுவது, பழைய கம்பியின் கேஜ் பார்ப்பது, ஸ்லாட்டுக்குள் காகிதம் வைத்துப் புதுக் கம்பி இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பது. எண்ணிக்கையில் பத்து சுற்று தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னான். இதை ஏன்பா பயோடேட்டாவில் போடவில்லை என்றால், அது கடை வேலைதானே மேடம் என்கிறான். ‘ஹாபி: பாட்டு கேட்பது’ என்று போட்டிருந்தான். மூலையில் ‘ரீவைண்டிங் பையன்’ என்று எழுதினேன். இன்று எங்கள் மெயின்டனன்ஸில் இருக்கிறான்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். ‘ஆர்டுயினோ மூலம் நீர்மட்டம் காட்டும் கருவி’ என்று, அந்தச் சின்ன எலக்ட்ரானிக் போர்டை வைத்துச் செய்ததை ஒரு வரியில் போட்டிருக்கிறாய். சனிக்கிழமை வரும் பிள்ளைகளில் நிறைய பேர் தாளில் இதே வரி இருக்கும். ஆனால் நீ அதைப் பெரம்பூர் வீட்டுத் தொட்டியில் உண்மையிலேயே மாட்டினாயே. மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரி வந்துபோன பிறகு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பாட்டி குனிந்து பார்க்கக் கூடாது என்பதற்காக. மூன்றே வாரத்தில் கம்பி துருப்பிடித்துத் தப்புத் தப்பாகக் காட்டியது. டி.சி. மின்சாரம் எந்நேரமும் ஓடியதால் மின்பகுப்பில் கம்பி அரிக்கிறது என்று நீயே கண்டுபிடித்தாய். அதைக் கழற்றிவிட்டு மிதவை ஸ்விட்ச் போட்டாய். அந்தக் கதை தாளில் எங்கே? கெட்டுப்போனதைச் சொன்னால் மார்க் குறையும் என்று நினைக்கிறாயா? எனக்கு அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கும். பாட்டி, லாரி, துரு, மிதவை. ஒன்றரை நிமிடத்தில் சொல்ல முடியும். கண்ணாடி முன் வேண்டாம், பாட்டியிடமே சொல்லிப் பார். அவர்களுக்குப் புரிந்தால் எங்களுக்கும் புரியும்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறாய். ஆங்கிலத்திலேயே ஆரம்பி. சிக்கினால், தமிழில் விளக்கலாமா சார் என்று கேள். சாஃப்ட்வேர் ஸ்டாலில் சிலர் முகம் சுளிக்கலாம், தொழிற்சாலைக்காரர்கள் பெரும்பாலும் சரி என்பார்கள்.

நாற்பது ஸ்டாலும் ஏறி இறங்காதே. ஆறு பெயரை வெள்ளிக்கிழமைக்குள் தேர்ந்தெடு. என்ன தயாரிக்கிறார்கள், ஆலை ஒரகடத்திலா ஸ்ரீபெரும்புதூரிலா, பெரம்பூரிலிருந்து தினமும் போய்வர முடியுமா, இரவு ஷிப்ட் உண்டா என்று பார்த்து வை. உன் பட்டியலில் கடைசியாக இருக்கும் ஆறாவது ஸ்டாலுக்கு முதலில் போ. அங்கே வாய் பழகிய பிறகு, உனக்கு ரொம்பப் பிடித்த கம்பெனிக்குப் போ.

சம்பளம் மூன்றரை லட்சம் என்று பலகையில் இருந்தால் அதைப் பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதே. அது சி.டி.சி., அதாவது கம்பெனி உனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அதில் சேர்ந்தது. உன் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் பிடிப்பார்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று நேராகக் கேள். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதே, ஜெராக்ஸ் மட்டும் கொடு. என் முதல் வேலையில் ஒரிஜினலை வாங்கிப் பூட்டிவைத்தார்கள். நல்ல வாய்ப்பு வந்தபோது பதினான்கு மாதம் அலைந்துதான் திரும்ப வாங்கினேன். இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட் இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போடாதே. முகாம் முடிந்து, பதிவுக் கட்டணம் கட்டு என்று யாராவது போன் செய்தால் உடனே வை. வேலை கொடுப்பவர் உன்னிடம் பணம் கேட்கமாட்டார்.

அன்றைக்கே ஒன்றும் அமையாவிட்டால் அழாதே. மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு ஒரு வருடம் கம்பெனியில் பயிற்சி. படிப்பை முடித்ததும் அவர்கள் இணையதளத்தில் பதிவு செய். எங்கள் ஷாப் ஃப்ளோரில் அந்த வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரிண்ட் வேலையை வெள்ளிக்கிழமையே முடித்துவிடு, பதினைந்து காப்பி. சனிக்கிழமை காலை கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. பெரம்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் பிடிப்பதற்குள் வியர்த்துவிடும். சீக்கிரம் கிளம்பு.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் வீட்டுக்கு வருகிறேன். அந்தத் துருப்பிடித்த கம்பியைப் பாட்டி தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வை. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலோடு கொண்டு போகலாம்.

அன்புடன்,
சித்தி