வர்க்கித் தூளும் பன்னிரண்டு வரியும்

ஸ்டோர்னோவே, லூயிஸ் தீவு, ஸ்காட்லாந்து,
16.02.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் இங்க சுகம். நீங்க, அவர், தம்பி, பாப்பா எல்லாரும் சுகமா இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு எழுதுறேன்.

பார்சல் போன செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்துச்சு. சித்தி மகன் லண்டன்ல இறங்கி, அங்கேர்ந்து தபால்ல போட்டிருக்கான். வர்க்கி வர்க்கியா வரல, தூளா வந்திருக்கு. தைலப் பாட்டில் மூடி லேசாத் திறந்து உங்க லெட்டர் மேலயே ஒழுகியிருக்கு. 'பாப்பா'ன்னு நீங்க எழுதின இடத்துல மை ஊறி, பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து தெரியுது. வர்க்கித் தூளை டம்ளர்ல கொட்டி, டீ ஊத்தி, ஸ்பூனால சாப்பிட்டேன். தைல வாசனையோடதான். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல.

தினமும் போன்ல பேசுறோமே, லெட்டர் எதுக்குன்னு ஒரு வருஷமா நினைச்சிருந்தேன். உங்க பன்னிரண்டு வரியைப் பார்த்ததும் வெட்கமாப் போச்சு. அஞ்சாம் கிளாஸ் படிச்ச நீங்க எழுதியிருக்கீங்க, நான் எழுதல. போன்ல பாப்பா பக்கத்துலயே இருக்கா. அதனால நீங்களும் ஒண்ணும் கேக்கறதில்ல, நானும் ஒண்ணும் சொல்றதில்ல. 'நல்லா இருக்கேன்மா'ன்னு எத்தனை தரம் சொன்னேனோ.

குளிர் பத்திக் கேட்டிருந்தீங்க. கோத்தகிரிக்காரிக்குக் குளிர் ஒரு விஷயமான்னு பெரியப்பா கேலி பண்ணினாராமே. தலைக்குந்தா பக்கம் புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடந்தாலும் பத்து மணிக்கு வெயில் வந்து முதுகுல சூடேத்தும்ல? இங்க அந்த வெயில்தான் கிடையாது. டிசம்பர்ல காலையில 9 மணிக்கு மேலதான் விடிஞ்சுது, மத்தியானம் மூன்றரைக்கெல்லாம் விளக்கு போடணும். ஸ்னோவைவிடக் காத்துதான் மோசம். குடைன்னு ஒரு சாமானை யாருமே வாங்கறதில்லைன்னு நினைக்கிறேன். தீவு முழுக்கக் கரும்பழுப்பு சதுப்பு நிலம். மரமே அபூர்வம். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக'ன்னு சங்கீதம் சொல்ல ஆரம்பிச்சா, கண்ணை ஏறெடுக்க இந்தப் பக்கம் சரியா ஒரு மலைகூட இல்ல, சிரிப்புத்தான் வருது.

ஒண்ணு மட்டும் நம்ம ஊர் மாதிரி. ஊட்டிப் பக்கம் புல்வெளியில மஞ்சளாப் பூக்குமே ஒரு முள்ளுச்செடி, வெள்ளைக்காரன் கொண்டுவந்து வச்சதுன்னு அப்பா திட்டுவாரே, அது இங்க கோட்டைத் தோட்டத்துப் பக்கம் இப்பவே ரெண்டொரு பூ விட்டிருக்கு. அங்க அதை வனத்துறைக்காரங்க வேரோட பிடுங்கறாங்க. என்னை இங்க இன்னும் யாரும் பிடுங்கல, விசா இருக்கு, கவலைப்படாதீங்க.

சாப்பாட்டுக்குக் குறையில்ல. உருளைக்கிழங்கு இருக்கு, மீன் இருக்கு. உப்புல ஊறப்போட்ட ஹெர்ரிங்னு ஒரு மீனை வேகவச்ச கிழங்கோட சாப்பிடறாங்க, கருவாட்டுக்குத் தம்பி முறை. ரத்தத்துல ஓட்ஸ் கலந்து கருப்பா ஒண்ணு செய்வாங்க, இந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் விற்கும். நம்ம ரத்தப் பொரியல் மாதிரி இருக்கும்னு ஆசையா வாங்கினேன். சின்ன வெங்காயமும் பச்சமிளகாயும் போட்டு வதக்கினப்புறம்தான் உள்ள இறங்குச்சு.

வேலை பரவாயில்ல. முதியோர் இல்லத்துல இருக்கிற தாத்தா பாட்டிங்க பாதிப்பேர் வயசாக ஆக இங்கிலீஷை மறந்துட்டு, சின்ன வயசுல பேசின கேலிக் மொழியிலயே பேசுறாங்க. எனக்கு அது புரியாது, நான் தமிழ்ல பதில் சொல்றேன். அவங்களுக்கு அது போதுமா இருக்கு. முன்ன மாதிரி ஓவர்டைம் தர்றதில்ல, அதனால ஓய்வு நிறையக் கிடைக்குது. இந்த மாசப் பணம் ஒரு பத்து நாள் தள்ளி வரும், பேங்க்ல ஏதோ கோளாறு. அவர்கிட்ட சொல்லிடுங்க. வளையலைப் பத்திச் சித்தி கேட்டா பெட்டியில பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பத்தி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். 81 வயசு. நான் வந்த முதல் ஞாயித்துக்கிழமை துணி துவைச்சு வெளிய காயப்போட்டேன். கதவைக் கைத்தடியால தட்டி, 'இன்னைக்கு என்ன கிழமை?'ன்னு கேட்டாங்க. ஞாயிறுன்னேன். 'தெரிஞ்சுமா?'ன்னு கேட்டுட்டு இறங்கிப் போயிட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஓய்வுநாள்ல இங்க துணி காயப்போட்டா ஊரே பார்க்கும். ஞாயித்துக்கிழமை கப்பல் ஓட ஆரம்பிச்சதே 2009லதானாம். போன நவம்பர்ல ஒரு பெரிய கடையை ஞாயித்துக்கிழமையும் திறந்துட்டாங்க. அதுலேர்ந்து பாட்டிக்கு உலகமே முடிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு பேரும் சந்திச்சா நல்லா ஒத்துப்போகும்.

அவங்க கூட்டிப்போன கோயில்ல ஆர்கன் இல்ல, கீபோர்டு இல்ல, கைத்தட்டல் இல்ல. சங்கீதம் மட்டும்தான் பாடுறாங்க. உக்காந்து பாடுறாங்க, ஜெபத்துக்கு எழுந்து நிக்கிறாங்க, நமக்கு நேர் எதிர். முன்னாடி ஒருத்தர் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, சபை அதை இழுத்து, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சுழிப்போட, அலை மாதிரி பின்னாடியே வருது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காக உபதேசியார் ஒரு வரி சொல்ல, எல்லாரும் திருப்பிப் பாடினதா ஆத்தா சொல்வாங்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு வார்த்தை புரியல. ஆனா கண்ணு நிறைஞ்சுபோச்சு.

புதுவருஷ ராத்திரி பாட்டி விளக்கை அணைச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தாங்க. நம்ம ஊர்ல அந்நேரம் வாட்ச் நைட் ஆராதனை முடிஞ்சு கேக் கொடுத்திருப்பாங்கன்னு நான் சொன்னேன். அப்பதான் சொன்னாங்க: முதல் உலக யுத்தம் முடிஞ்சு ஊர் திரும்பின பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்த கப்பல், 1919 ஜனவரி 1 விடியறதுக்குள்ள, இதே துறைமுகத்து வாசல்ல பாறையில மோதி உடைஞ்சுது. வீட்டு விளக்கு தெரியற தூரத்துல 200 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அம்மாமார் சாப்பாடு எடுத்து வச்சிட்டுக் காத்திருந்தாங்களாம். பல வருஷம் அதைப் பத்தி வீடுகள்ல யாரும் வாயே திறக்கலையாம். 'அடுத்த ஞாயிறு கோயில்ல பாடினாங்களா?'ன்னு கேட்டேன். பாடினாங்கன்னாங்க. எப்படின்னு கேட்டதுக்கு, 'மெதுவா'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாங்க.

ஜனவரி கடைசியில எனக்கு லேசாச் சளி. ரெண்டு நாள் எழுந்திரிக்கல, அவ்வளவுதான். சளி பெருசா ஒண்ணுமில்ல, எழுந்து என்ன பண்ணப்போறோம்னு இருந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, போதும்னு சொன்னேன். யார்கிட்டன்னு தெரியல. முதல் நாள் சாயங்காலம் பாட்டி கைத்தடியால கதவைத் தட்டி, ஓட்ஸ் மாவுல கல்லுல சுட்ட அடை ரெண்டு, வெண்ணெய், ஒரு ஜாடி தண்ணி வச்சுட்டு, 'சாப்பிடு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கல. சாப்பிட்டுட்டு மறுபடி படுத்துட்டேன். மறுநாளும் வந்தாங்க. மறுபடியும் அடை. முந்தின நாள் தட்டை எடுத்துக்கிட்டு, 'சாப்பிடு, புதன்கிழமை உனக்கு வேலை இருக்கு'ன்னாங்க. அந்த அடை உப்பில்லாம, வறட்டியாட்டம், தொண்டையில நிக்கும். ஆனாலும் தின்னேன்.

இப்ப உங்க லெட்டருக்கு வர்றேன். முதல்ல அதுக்குள்ள இருந்த வாக்குத்தத்த அட்டையைத்தான் பார்த்தேன். புதுவருஷ ஆராதனையில நீங்க எடுத்த உங்க அட்டையையே எனக்கு அனுப்பிட்டீங்க. 'நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக. நாம் தளர்ந்துபோகாதிருந்தால் ஏற்றகாலத்தில் அறுப்போம்.' உண்மையைச் சொல்றேன், கோபம்தான் வந்துச்சு. ஏற்றகாலம் ஏற்றகாலம்னா எப்பம்மா? போன மார்ச்லேர்ந்து எங்களை மாதிரி பராமரிப்பு வேலைக்கு வர்றவங்க குடும்பத்தைக் கூட்டிவர முடியாதுன்னு சட்டம் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவதானே நான்? சோர்ந்துபோகாதேன்னு சொல்றது லேசு. எங்க கோயில்ல பிரசங்கம் பண்றவங்க எத்தனை பேர் சோர்ந்துபோனவனைப் பார்த்து, விசுவாசக் குறைவுன்னு சொல்லி இன்னொரு அடி அடிச்சிருக்காங்க!

லெட்டர் கடைசியில நீங்க '1 இராஜாக்கள் 19 படி'ன்னு மட்டும் எழுதியிருந்தீங்க. ஏன்னு ஒரு வார்த்தை இல்ல. ராத்திரி எடுத்துப் படிச்சேன். கர்மேல் மலையில அவ்வளவு பெருசாச் செயிச்ச எலியா, யேசபேல் மிரட்டினதும் ஓடிப்போய் சூரைச்செடி கீழ உக்காந்து, 'போதும் கர்த்தாவே'ங்கிறான். நூறு தரம் கேட்ட கதைதான். ஆனா தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணலம்மா. திட்டல. ஏன் ஓடிவந்தேன்னு அப்ப கேக்கல. தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு'ங்கிறான். தலைமாட்டுல தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. சாப்பிட்டுட்டு எலியா மறுபடி படுத்துக்கறான், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. 'திரும்ப இரண்டாந்தரம் வந்து'ன்னு போட்டிருக்கு பாருங்க, அங்க வந்ததும் பைபிளை மூடி வச்சுட்டேன். அதுக்கு மேல படிக்க முடியல.

2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா? மண்ணு சரிஞ்சு ரோடெல்லாம் அடைஞ்சு, கீழ்லைன்ல வீடு இழந்தவங்க நம்ம கோயில்ல வந்து படுத்தாங்களே. ஐயர் ஆறுதல் சொல்ல பைபிளோட வந்து நின்னாரு. கைப்பிடி அரிசி டின்னைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்த நீங்க, 'முதல்ல கஞ்சி குடிக்கட்டும் ஐயா, அப்புறம் ஜெபிக்கலாம்'னீங்க. பெண்கள் சங்கத்துல ஒவ்வொரு வீடும் சோத்துக்கு உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை எடுத்துப் போட்ட அரிசி அது. எனக்கு அப்ப மானமே போச்சு, ஐயரை எதிர்த்துப் பேசுறாங்களேன்னு. அவரும் பைபிளை ஜன்னல்ல வச்சுட்டு வாளி தூக்க வந்துட்டாரு.

அம்மா, எனக்கு அந்தக் கஞ்சி வேணும். பூண்டு தட்டிப் போட்டு, அடுப்புப் புகை வாசனையோட. நம்ம வீட்டுப் பின்வாசல்ல உக்காந்து, எதிர் மேட்டுல பனி மூட்டம் ஏறுறதைப் பார்த்துக்கிட்டு, பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு. அவ தலையில எண்ணெய் வச்ச வாசனையே மறந்துடுமோன்னு பயமா இருக்கு. போன்ல அவ பல்லு விழுந்ததைக் காட்டினாள்ல, அன்னைக்கு லைன் கட்டாயிடுச்சுன்னு சொன்னேனே. கட்டாகல. நான்தான் ஆஃப் பண்ணினேன்.

சரி. இதை அவர்கிட்ட வாசிச்சுக் காட்டாதீங்க.

தோட்டத்து விஷயத்துக்கு வர்றேன். 60 செண்டையும் காட்டேஜ் கட்டறவங்களுக்குக் கொடுத்துடலாம்னு தம்பி சொல்றானாமே. வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. உரத்துக்கும் இலை எடுக்கிற கூலிக்கும் போக ஒண்ணும் நிக்கலங்கிறது எனக்கும் தெரியும். ஆனா செடியைப் பாருங்க. அப்பா இருக்கும்போது 4 வருஷத்துக்கு ஒருதரம் தவறாமக் கவாத்து வெட்டுவாரு. கடைசியா வெட்டினது 2019ல. 6 வருஷமாச்சு, இடுப்புக்கு மேல வளந்து, துளிர் குறைஞ்சு முரட்டு இலையா வந்தா ஃபேக்டரிக்காரன் தள்ளுபடி பண்ணாம என்ன பண்ணுவான்? வர்ற ஆவணிக்குள்ள வெட்டச் சொல்லுங்க. வெட்டினப்புறம் மூணு மாசம் இலை எடுக்க முடியாது, வெறும் குச்சியா நிக்கும், அதைப் பார்த்துட்டுத்தான் தம்பி பயப்படுறான். அந்த மூணு மாசத்துக்கு நான் அனுப்புறேன். மொத்தமா ஒரே தரம் வெட்ட வேண்டாம், பாதி இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம்.

கரடி மறுபடியும் பேக்கரிக் கதவை உடைச்சுதுன்னு பாப்பா சந்தோஷமாச் சொன்னா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஜெபக்கூட்டத்துக்கு ஒத்தையாப் போகாதீங்க. தம்பி கொண்டுபோய் விடட்டும், டார்ச்சுக்கு செல் மாத்தச் சொல்லுங்க. பாப்பாவோட இடது காதுக்குச் சொட்டு மருந்து இன்னும் ஒரு வாரம் போடணும். ஓய்வுநாள் பள்ளியில வசனப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கா, சங்கீதம் 23ஐ முழுசாச் சொல்ல வைங்க, பாதியில சிரிப்பா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வர்றாள்னு யாரும் அவகிட்ட சொல்லிடாதீங்க. லீவு உறுதியானதும் நானே சொல்றேன்.

உங்க வாக்குத்தத்த அட்டையைத் திருப்பி அனுப்பல. அடுப்புக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். பாட்டி வந்து பார்த்துட்டு இது என்ன எழுத்துன்னு கேட்டாங்க, தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன். 'கொஞ்சம் மெதுவா'ன்னாங்க.

உங்கள் அன்பு மகள்.

பி.கு: அடுத்த தடவை வர்க்கியைத் தகர டப்பாவுல போடுங்க. தைலத்தைத் தனியா, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி.