பெரம்பூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூப் விட்டுப் படமெடுக்கும் ஆஞ்சியோவுக்குப் பயமாக இருக்கிறது, அதற்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். போன மாதம்தான் அந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: போதாது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. துடிப்போடும் மூச்சோடும் ஓயாமல் அசைபவை. அவற்றின் அடைப்பைத் துல்லியமாகக் காண ஆஞ்சியோவோ சி.டி.யோதான் வேண்டும். மகாதமனி போன்ற பெரிய நாளமென்றால் எம்.ஆர்.ஐ.யே நன்றாகக் காட்டிவிடும்.

என் அடைப்பு ஆஞ்சியோவிலேயே தெரிந்துவிட்டது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் இடப்பக்கச் சுவர் ஒரு பகுதியில் அசையாமல் நின்றது. அந்தத் தசை செத்துவிட்டதா, ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. செத்த தசைக்கு பைபாஸ் செய்து என்ன பயன்? அதைப் பார்க்கத்தான் எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். நல்ல தசையிலிருந்து அது சீக்கிரம் வெளியேறிவிடும், தழும்பில் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். படத்தில் கருப்பாக இருப்பது உயிருள்ளது, வெள்ளையாகத் தெரிவது தழும்பு. என் படத்தில் சுவரின் உள்விளிம்பை ஒட்டி நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. சுவரின் கனத்தில் அது கால் பங்குகூட இல்லை, எனவே பைபாஸ் செய்தால் தசை மீள வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர். 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் நாட்டின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தபோது, இப்படி முன்கூட்டிப் பார்க்க வழியே இருக்கவில்லை.

சத்தம்தான் கொடுமை. நம் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பட்டறையில் முப்பது வருடம் கேட்ட காதுக்கே பொறுக்கவில்லை. நடுநடுவே ஒலிபெருக்கியில் "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்பார்கள். பத்துப் பதினைந்து விநாடி பிடித்தாக வேண்டும், இல்லையேல் படம் கலங்கிவிடும். கதிர்வீச்சு கிடையாது என்பது ஆறுதல். ஆனால் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. என் வெள்ளி அரைஞாணைக் கழற்ற முடியாமல் கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். வீட்டில் இன்னும் அதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

உனக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறதே, எப்போதாவது எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் அதன் அட்டையை முதலிலேயே நீட்டிவிடு. எல்லா வகையும் அந்தக் காந்தத்துக்குள் போக முடியாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் பார்த்துக்கொள், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியம் கொடுக்கத் தயங்குவார்கள். இப்போதைக்கு ஆஞ்சியோவுக்கு நாள் குறி. துணைக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்