பிலடெல்பியா கூட்டத்தைக் காங்கிரஸே அழைக்கக் கோரி ஒரு மனு

(1787 பிப்ரவரியில் நியூஜெர்சியைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் ஒருவர் எழுதுவதாக அமைத்த கற்பனை மனு. மனுதாரர் கற்பனை, அவர் சொல்லும் பொது நிகழ்வுகள் வரலாற்றில் நடந்தவை. காங்கிரஸ் என்பது அன்றைய பதின்மூன்று அமெரிக்க மாநிலங்களின் பொது அவை.)

அனுப்புநர்:
முன்னாள் சார்ஜென்ட், நியூஜெர்சி படைப்பிரிவு,
எலிசபெத்டவுன், நியூஜெர்சி.

பெறுநர்:
மாண்புமிகு ஆர்தர் செயின்ட் கிளேர் அவர்கள்,
தலைவர், ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ்,
நியூயார்க்.

நாள்: 19 பிப்ரவரி 1787

பொருள்: வரும் மே மாதம் பிலடெல்பியாவில் நடக்கவிருக்கும் மாநிலப் பிரதிநிதிகள் கூட்டத்தைக் காங்கிரஸே முறைப்படி அழைத்து, எல்லா மாநிலங்களும் ஆள் அனுப்பத் தீர்மானம் போடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மாதம் 2ஆம் தேதி தாங்கள் தலைவராகத் தேர்வான செய்தி கேட்டு மகிழ்ந்தேன். தாங்கள் படையில் மேஜர் ஜெனரலாக இருந்தவர். சிப்பாய் வயிறு காய்ந்து கிடந்ததைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிட, அந்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தாரே என்ற மகிழ்ச்சி. நவம்பரிலிருந்து அது காலியாகக் கிடந்தது. அதற்கு முன்பு 1785 நவம்பரில் ஜான் ஹான்காக் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உடல்நலமில்லாமல் நியூயார்க் பக்கமே வராமல் அடுத்த ஆண்டு கடிதம் எழுதி விலகிக்கொண்டார். நாட்டின் தலைமை இடம் இப்படிக் காலியாகக் கிடந்ததைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை. எனக்குக் கவலை வந்ததே அதைப் பார்த்துத்தான்.

இது சம்பள பாக்கி கேட்கும் மனு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1783இல் படையைக் கலைத்தபோது காசுக்குப் பதில் தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கணக்கு முடித்து, தலைமைச் சம்பள அதிகாரி ஜான் பியர்ஸ் பெயரில் 6 சதவீத வட்டிப் பத்திரம் வந்தது. எனக்கு விதைக்கும் வரிக்கும் பணம் வேண்டியிருந்தது. ஒரு வியாபாரியிடம் பவுனுக்கு இரண்டரை ஷில்லிங் வீதம் விற்றுவிட்டேன். இருபது ஷில்லிங் என்று எழுதிய தாளுக்கு இரண்டரை! அந்த வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். காங்கிரஸ் என்றைக்காவது பணம் தரும் என்று அவர் அந்த அளவுக்காவது நம்பினார். எனக்கு அதுவும் இல்லை.

1777இல் எழுதப்பட்டு, மேரிலாண்ட் கடைசியாக ஒப்புக்கொண்ட பிறகு 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளை, அதாவது பதின்மூன்று மாநிலங்களையும் ஒன்றாகக் கட்டிய அடிப்படைச் சட்டத்தை, தேடி வாங்கிப் படித்தேன். போர் தொடுக்கலாம், சமாதானம் பேசலாம், தூதர் அனுப்பலாம், கடன் வாங்கலாம் என்று காங்கிரஸுக்கு அதிகாரங்கள் நிறைய. வரி மட்டும் போட முடியாது. ஆகும் செலவை மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தப் பங்கையும் மாநிலத்துக்கு மாநிலம் நில மதிப்பைக் கணக்கிட்டுப் பிரிக்க வேண்டுமாம். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நடந்து முடியவில்லை. சரி, கேட்ட பங்கை ஒரு மாநிலம் கொடுக்காவிட்டால்? அதற்கு விதிகளில் ஒரு வரிகூட இல்லை. 1782ஆம் ஆண்டுச் செலவுக்கு 80 லட்சம் டாலர் கேட்டார்கள். அந்த ஆண்டு வந்து சேர்ந்தது சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம். எதிரிப் படை நியூயார்க் நகரத்திலேயே உட்கார்ந்திருந்த காலத்தில் வந்த தொகை இது. அமைதி வந்த பிறகு யார் கொடுப்பார்கள்? பதின்மூன்று வீட்டார் சேர்ந்து வெட்டிய கிணற்றைத் தூர்வாரக் கூப்பிட்டால், அடுத்த வீட்டுக்காரர் வரட்டும் என்று ஆளாளுக்குத் திண்ணையில் இருக்கும் கதைதான் நடக்கிறது.

என் மாநிலத்தையும் விட்டுவைக்கப் போவதில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் எங்கள் சட்டமன்றம், காங்கிரஸ் கேட்ட பங்கைக் கொடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே தீர்மானம் போட்டது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி துறைமுகம் கிடையாது. நாங்கள் வாங்கும் தேயிலை, சர்க்கரை, துணி எல்லாம் ஒரு பக்கம் நியூயார்க் வழியாக வருகிறது, மறுபக்கம் பிலடெல்பியா வழியாக வருகிறது. இறக்கும்போது போடும் சுங்கம் விலையில் ஏறி எங்கள் தலையில் விழுகிறது; பணமோ அந்த மாநிலங்களின் கஜானாவுக்குப் போகிறது. நியூயார்க் இறக்குமதி வரியைக் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுக்கும்வரை நாங்களும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். காங்கிரஸ் மூன்று உறுப்பினர்களை ட்ரென்டனுக்கு அனுப்பிக் கெஞ்சியது. தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி நன்றாகத்தான் பேசினார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பணத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்யவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் தன் உறுப்பு மாநிலத்தின் வாசலில் நின்று கையேந்தியதை என் காலத்திலேயே பார்த்துவிட்டேன்.

இறக்குமதி வரிக் கதையைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் இந்த மனுவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 1781இல் காங்கிரஸ் கேட்டது பெரிய விஷயமில்லை: வெளிநாட்டுச் சரக்குக்கு 5 சதவீத வரி, அதைக் கொண்டு போர்க்கடனை அடைப்பது. பன்னிரண்டு மாநிலங்கள் சம்மதித்தன. 1782 நவம்பரில் ரோட் ஐலண்ட் முடியாது என்றது. இருப்பதிலேயே சின்ன மாநிலம்! அது முடியாது என்றதும் வர்ஜீனியாவும் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்புறம் 1783 ஏப்ரலில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டி மறுபடி கேட்டார்கள். இந்தமுறை மறித்தது நியூயார்க். சென்ற ஆண்டு ஒப்புக்கொள்வதுபோல் ஒப்புக்கொண்டு, வசூலிப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று நிபந்தனை வைத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டுங்கள் என்று கேட்டதற்கு ஆளுநர் கிளின்டன் மறுத்துவிட்டார். சென்ற வாரம், அதே நியூயார்க் சட்டமன்றத்தில் கர்னல் ஹாமில்டன் வாதாடிப் பார்த்தும் ஓட்டெடுப்பில் தோற்றது. தாங்கள் இருக்கும் ஊரிலேயே நடந்த சங்கதி இது.

விதிகளைத் திருத்த வேண்டுமென்றால் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் என்கிறது கடைசி விதி. பன்னிரண்டு பேர் சரி என்றாலும் ஒருவர் தலையாட்டாவிட்டால் எதுவும் நகராது. ஒவ்வொரு முறையும் அந்த ஒருவர் யார் என்பதுதான் மாறுகிறது. ரோட் ஐலண்டைத் திட்டுவது எங்கள் சத்திரங்களில் பொழுதுபோக்காகிவிட்டது. திட்டிப் பயனில்லை. நாளைக்கு அது வழிக்கு வந்தாலும் வேறொன்று முளைக்கும். ஒற்றை மாநிலத்துக்கு அப்படியொரு பூட்டைக் கொடுத்து வைத்திருக்கும் வரையில் இதுதான் நடக்கும்.

அவை கூடுவதே பெரும்பாடு. இங்கிலாந்துடன் செய்த சமாதான ஒப்பந்தத்தை உறுதிசெய்து அனுப்ப ஆறு மாத கெடு இருந்தது. அதற்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும். 1783 டிசம்பரில் காங்கிரஸ் கூடிய அனாபொலிஸில் ஏழுதான் இருந்தன. எட்டு ஆண்டுப் போரின் பலன், கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் மேசைமேல் கிடந்தது. 1784 ஜனவரி 14 அன்று எப்படியோ ஒன்பது சேர்ந்து உறுதிசெய்தார்கள். அந்த ஆண்டு கோடையில், விடுமுறைக் காலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குழுவும் கோரம் இல்லாமல் கலைந்தது. இதையெல்லாம் ஜெனரல் வாஷிங்டன் எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

1783 ஜூன் 21 தங்களுக்கு நினைவிருக்கும். சம்பளம் கேட்டு வந்த சிப்பாய்கள் பிலடெல்பியாவில் மாநில மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைப் பாசறைக்குத் திருப்பும் பொறுப்பைக் காங்கிரஸ் தங்களிடம்தான் கொடுத்தது. பென்சில்வேனியா அரசு தன் குடிப்படையை (ஊர்மக்களைக் கொண்ட மாநிலப் படையை) அழைக்க மறுத்தது. காங்கிரஸ் சில நாட்களில் எங்கள் மாநிலத்தின் பிரின்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து அனாபொலிஸ், ட்ரென்டன், இப்போது நியூயார்க். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காவலாளியைக்கூட மாநிலத்திடம் கேட்டு வாங்க வேண்டிய அரசாங்கம் இது. அந்தச் சிப்பாய்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. 1781 ஜனவரியில் பாம்ப்டனில் எங்கள் படைப்பிரிவே கலகம் செய்தபோது இருவரை வரிசைக்கு முன்னால் நிறுத்திச் சுட்டார்கள். சுட வைத்ததும் அவர்களோடு கலகத்தில் நின்றவர்களையே. அதைப் பார்த்தவன் நான். சம்பளம் இல்லாத படை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டு விவகாரம் பற்றி என்னைவிடத் தாங்களே அதிகம் அறிவீர்கள்; இரண்டு வார்த்தை மட்டும். நயாகரா, டெட்ராய்ட், ஆஸ்வீகோ கோட்டைகளில் இன்னும் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது. ஒப்பந்தப்படி தங்கள் வியாபாரிகள் பழைய கடன்களை வசூலிக்க மாநிலங்கள் விடவில்லையே என்று பிரிட்டிஷார் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் வாயில்லை. மாநிலத்தின் கையைப் பிடிக்கக் காங்கிரஸால் முடியாது. திரு. ஜான் ஆடம்ஸ் லண்டனில் உட்கார்ந்து வணிக ஒப்பந்தம் கேட்கிறார். மாசசூசெட்ஸ் பிரிட்டிஷ் கப்பலுக்குக் கதவைச் சாத்தினால் பக்கத்திலிருக்கும் கனெக்டிகட் திறந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நாட்டோடு அவர்கள் ஏன் ஒப்பந்தம் போட வேண்டும்? 1785இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கொள்ளையர்கள் நம் கப்பல்கள் இரண்டைப் பிடித்து 21 பேரைச் சிறைவைத்தார்கள். அதே ஆண்டுதான் கடற்படையின் கடைசிக் கப்பலான அலையன்ஸையும் விற்றோம்.

இப்போது மாசசூசெட்ஸுக்கு வருகிறேன். அங்கே கலகத்துக்குத் தலைமை தாங்கிய கேப்டன் டேனியல் ஷேஸும் அவரோடு போனவர்களில் பலரும் என்னைப் போலவே பத்திரத்தோடு வீடு திரும்பியவர்கள். மாநிலம் போர்க்கடனை அடைக்கக் கடுமையான வரி போட்டது; அதை வெள்ளிக் காசாகக் கேட்டது. காசு இல்லாதவர்களின் நிலமும் மாடும் நீதிமன்றத்தில் ஏலம் போயின. மனு மேல் மனு கொடுத்தார்கள். பிறகு சென்ற ஆகஸ்டிலிருந்து நீதிமன்றங்களையே கூடவிடாமல் மறித்தார்கள். ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தபோது பீரங்கியால் சுட்டதில் நால்வர் செத்தார்கள். இம்மாதம் 4ஆம் தேதி பீட்டர்ஷாமில் பனிப்புயலுக்கு நடுவே, கலகத்தை அடக்க வந்த ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் மற்றவர்களைச் சிதறடித்தார்.

அந்தக் கிடங்கு காங்கிரஸுக்குச் சொந்தமானது, ஐயா. அதைக் காத்தது மாசசூசெட்ஸின் குடிப்படை. லிங்கனின் படைக்குப் பணம் போட்டவர்கள் பாஸ்டன் வியாபாரிகள். காங்கிரஸ் அக்டோபரில் 1,340 பேரைப் படையில் சேர்க்கத் தீர்மானித்து, செவ்விந்தியர்களை எதிர்க்க என்று காரணம் சொன்னது. எதற்கு என்று ஊருக்கே தெரியும். அதற்குக் கேட்ட பணத்தில் வர்ஜீனியா தவிர யாரும் கொடுக்கவில்லை. தன் சொந்தத் துப்பாக்கிகளைக்கூடத் தன்னால் காக்க முடியாத காங்கிரஸை நம்பி யார் இனி கடன் தருவார்கள்? ஷேஸின் ஆட்களைத் தூக்கில் போட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கு ஒருமுறை வந்து பேசிப் பார்க்கட்டும்.

சென்ற செப்டம்பரில் அனாபொலிஸில் வணிகம் பற்றிப் பேசக் கூடியவர்கள் ஐந்து மாநிலத்தவர் மட்டுமே. எங்கள் மாநிலம் தன் ஆட்களை, வணிகம் மட்டுமல்ல மற்ற முக்கிய விஷயங்களையும் பேசலாம் என்று சொல்லித்தான் அனுப்பியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர்கள்தான் மே மாதத்து இரண்டாம் திங்களன்று பிலடெல்பியாவில் எல்லோரும் கூடி விதிகளின் குறைகளை ஆராய வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். வர்ஜீனியா, நியூஜெர்சி, பென்சில்வேனியா, வட கரோலினா, டெலவேர் ஏற்கெனவே ஆட்களை நியமித்துவிட்டன. வர்ஜீனியா பட்டியலில் ஜெனரல் வாஷிங்டன் பெயர் முதலில் இருக்கிறது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க் இன்னும் தயங்குகின்றன. அறிக்கையோ மாதக்கணக்கில் காங்கிரஸின் மேசையில் இருக்கிறது.

காங்கிரஸ் தயங்குவதற்கான காரணத்தையும் கேள்விப்பட்டேன். திருத்தம் காங்கிரஸில் தொடங்கி மாநிலங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. வெளியே கூடும் கூட்டம் விதிக்குப் புறம்பு என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் காங்கிரஸே அழைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அழைத்தால், அவர்கள் எழுதுவது காங்கிரஸுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் திரும்பி வரும், விதிக்குள்ளேயே நிற்கும். அழைக்காவிட்டாலும் கூட்டம் நடக்கத்தான் போகிறது. காங்கிரஸ் இல்லாமல் நடக்கும்.

இன்னொரு பயமும் இருக்கிறது: வலுவான அரசாங்கம் என்ற பெயரில் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்களோ என்று. சில பெரிய மனிதர்கள் அப்படி முணுமுணுப்பதாகவும் காதில் விழுகிறது. ஒரு ராஜாவை விரட்டத்தான் நான் துப்பாக்கி எடுத்தேன். எனக்கு வேண்டியது இன்னொருவர் அல்ல. துறைமுகத்தில் ஒரே மாதிரி சுங்கம் வாங்கவும், வாங்கிய கடனைத் திருப்பவும், போட்ட ஒப்பந்தத்தை எல்லா மாநிலத்திலும் நடத்தவும், மாநிலங்களுக்கிடையே சண்டை வந்தால் தீர்த்து வைக்கவும் தெம்புள்ள ஒரு அரசாங்கம் போதும்.

ஆகவே, பிலடெல்பியா கூட்டத்தை அங்கீகரித்து, அதற்குப் பிரதிநிதிகளை அனுப்பும்படி எல்லா மாநிலங்களையும் கேட்டுத் தாமதமில்லாமல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். அந்தத் தீர்மானத்தில் வருவாய்க்கும் வணிகத்துக்குமான அதிகாரம் பற்றி மழுப்பாமல் எழுத வேண்டும். ரோட் ஐலண்ட் வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். மே மாதத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. ஜார்ஜியாவுக்குக் கடிதம் போய்ச் சேரவே நாளாகும்.

இம்மனுவின் நகல் ஒன்றை எங்கள் மாநிலப் பிரதிநிதிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஏழு மாநிலங்களாவது அவையில் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து இதைப் படிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
நியூஜெர்சி படைப்பிரிவின் முன்னாள் சார்ஜென்ட்.