முறைத்தண்ணீர் தேதி தெரியாமல் காய்ச்சலும் பாய்ச்சலும் எப்படி?

பாசனப் பொறியாளர்களுக்கும் வேளாண் அலுவலர்களுக்கும்,

வணக்கம். பருவமழை தள்ளிப்போகிறது, வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அதனால் நெல்வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி, வையுங்கள் என்று பயிற்சிதோறும் சொல்கிறீர்கள். நல்ல முறைதான். 30 செ.மீ. நீளக் குழாயில் துளையிட்ட 20 செ.மீ. பகுதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். வேருக்கு அதுவரை ஈரம் எட்டும். தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

பிறகு ஏன் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் வரப்பு முட்டத் தண்ணீர் கட்டுகிறார்? வாய்க்காலில் முறைவைத்துத் திறந்துவிடும் முறைத்தண்ணீர் அடுத்து வருவது எட்டாம் நாளா, பதினைந்தாம் நாளா என்று அவருக்குத் தெரியாது. பாய்ச்ச வேண்டிய நாளில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் களிமண் வயல் பாளம் பாளமாக வெடிக்கும். அப்புறம் விடும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே இறங்கி, மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். அவரைத் தண்ணீரை வீணடிப்பவர் என்பது அநியாயம்.

பூக்கும் தருணத்தில் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். வறண்டால் கதிர் இலையுறையை விட்டு முழுதாக வெளியே வராது. வறட்சியோடு வெயிலும் சேர்ந்து, நெற்பூ திறந்திருக்கும் ஒரு மணி நேரமளவில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. அறுவடை நெருங்கியும் கதிர் தலைசாயாமல் நிற்கும். உருவிப் பார்த்தால் கையில் பதர்தான். முறைத்தண்ணீரை அடைக்கும் தேதியைக் குறிக்கும்போது இந்த இரண்டு வாரத்தைப் பாருங்கள்.

நாற்றுக்கும் இதே கதிதான். 110 நாளில் விளையும் ரகத்தின் நாற்றை 25 நாள் வயதுக்குள் நட்டுவிட வேண்டும். தண்ணீர் திறப்பு தள்ளிப்போய் 40 நாள் நாற்றங்காலிலேயே நின்றால், நட்ட பின் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாது. தாமதம் விதைக்கும் முன்பே தெரிந்தால் புழுதியில் நேரடியாக விதைக்கலாம், அல்லது வயது குறைந்த ரகத்துக்கு மாறலாம்.

வெள்ளத்துக்கு, மூழ்கினாலும் தாங்கும் மரபணு கொண்ட சப்1 ரக விதை தருகிறீர்கள். பயிர் முழுவதும் மூழ்கினால் அது வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து, சுமார் இரண்டு வாரம் தாங்கும். முழங்கால் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும் பள்ளவயலுக்கு அந்தக் குணம் உதவாது. அங்கே வடிகால் தூர்வார வேண்டும்.

ஆகவே நாற்றுவிடும் முன்பே முறைத்தண்ணீர் அட்டவணையை ஒவ்வொரு மதகிலும் எழுதி வையுங்கள். தேதி மாறினால், வயல் வெடிக்கும் முன் கடைமடைக்கு முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெல் விவசாயிகள்