உன் பையனின் கோல்ஃப் பற்றி

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்பு நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறேன்.

பையன் பி.காம் முடித்த கையோடு தொழில்முறை கோல்ஃபில் இறங்கப் போவதாகச் சொல்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் இதே யோசனைதான்.

முதலில் பயப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டி என்றால் நான்கு நாள், 72 குழி. முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் 'கட்'. அதில் விழுந்தால் அந்த வாரம் பெரும்பாலும் ஒரு பைசா வராது. ரயில், ரூம், மட்டைப் பையைத் தூக்கி வருகிற 'கேடி'க்குக் கொடுக்கிற பணம் எல்லாம் நம் கையைக் கடிக்கும். மாதச் சம்பளத்திலேயே வாழ்ந்த உனக்கும் எனக்கும் இந்தக் கணக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் நம் நாட்டு கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவை நினைத்துப் பார். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். பையன் அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பந்தை வெகுதூரம் அடிக்கிற ஆள் இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவரை மிஞ்ச முடியாது. அதனால்தான், பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிற 'சிப்'பையும் குழிக்குள் உருட்டிவிடுகிற 'பட்'டையும் அவர் பெயரோடு சேர்த்து 'சிப்புட்சியா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். இந்தியன் ஓப்பன் மட்டும் நழுவிக்கொண்டே போனது. 1999 தொடங்கி நான்கு முறை இரண்டாம் இடம்! 2015-இல் கடைசி நாள் தொடங்கும்போது இன்னொரு இந்திய வீரர் அனிர்பன் லாஹிரி அவரைவிட ஏழு ஸ்ட்ரோக் பின்னால் இருந்தார் (கோல்ஃபில் பந்தைக் குறைந்த தடவை அடிப்பவர்தான் முன்னால்). அப்படியும் கடைசியில் இருவரும் சமமாகி, வெற்றியைத் தீர்மானிக்க வைத்த பிளேஆஃபில் சௌராசியா லாஹிரியிடம் தோற்றார். அன்றிரவு அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். மறு வருஷம் அதே டெல்லியில் லாஹிரியையும் முந்திக்கொண்டு வென்றார். 2017-இல் மறுபடியும் வென்றார், ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில்.

உன் பையன் எத்தனை தூரம் அடிக்கிறான் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த 'கட்'டில் விழுந்த மறுநாள் காலையில் எழுந்து, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டிங் பழகப் போகிறானா? அதைக் கவனி. போகிறான் என்றால் மூன்று வருஷம் கொடு. எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதை இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள். தங்கச்சியிடமும் மறைக்காதே, செலவு அவள் தலையிலும்தான் விழும்.

கல்லூரி நாட்களில் கிண்டி ரேஸ்கோர்ஸ் வேலியோரம் நின்று, நடுவில் கோல்ஃப் ஆடுகிறவர்களைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இது நமக்கில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். அவன் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இங்கே நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் அவன் ஆட வந்தால் நம் வீட்டிலேயே தங்கட்டும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்