லாயின்-லாயின்

சுங்கை சிப்புட்

அன்புள்ள முனியாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கணினி படிக்கும் உன் பேரன், இயந்திரத்துக்கு இனமும் தெரியாது, ஆண் பெண்ணும் தெரியாது என்று அடித்துச் சொன்னதாக எழுதியிருந்தாய். சென்ற வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மனைவி பாக்கியத்துக்கு இளைப்பு அதிகமானதால் நுரையீரல் சோதனைக்கு அழைத்துப் போனேன். மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயில் மூச்சு தீரும்வரை ஊதச் சொல்வார்கள். வயது, உயரம், ஆணா பெண்ணா என்று தட்டிக்கொண்டே வந்த தாதி மிஸி, இனம் என்ற இடத்தில் தயங்கி நின்றார். வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்காசியர், தென்கிழக்காசியர் என்று நீண்ட பட்டியலில் நம்மவரைக் காணோம். "லாயின்-லாயின் போட்டுவிடுகிறேன், அங்கிள்" என்றார். மலாயில் 'மற்றவர்' என்று பொருள். தோட்டத்து லயத்தில், அந்த லைன் வீட்டில் பிறந்தவளுக்குப் பொருத்தம்தான் என்று சிரித்துவைத்தேன்.

அவள் ஊதியது 1.65 லிட்டர். இருக்க வேண்டிய அளவில் அது 81 விழுக்காடு, 80க்கு மேல் என்பதால் பாதகமில்லை என்றது திரை. வெள்ளையர் என்று மாற்றிப் பார்க்கலாமா என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். மாற்றினார், அதே மூச்சு 75 ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். மூச்சை அளக்கும் இக்கருவியை 1840களில் லண்டனில் உருவாக்கியவர் ஜான் ஹட்சின்சன். அதை அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகளின் மூச்சுக் கொள்ளளவு 20 விழுக்காடு குறைவு என்று 1851இல் எழுதினார். வெள்ளையன் கட்டாயப்படுத்தி வாங்கும் வேலைதான் அவர்களுக்கு நல்லது என்பதற்கு அதையே சான்றாகவும் காட்டினார். பசியும் புழுதியும் குறைத்த மூச்சைப் பிறவிக் குறையென்று கணக்கெழுதிய அந்த வழக்கம் பிற்காலத்தில் மென்பொருளுக்குள்ளும் புகுந்துகொண்டது. 1999இல் பால்டிமோரில், கல்நார்த் தூசியால் நுரையீரல் கெட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டபோது, அவர்களுக்கு இயல்பளவே குறைவு, ஆகவே இன்னும் கூடுதலாகக் கெட்டிருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. யாரை ஊனமுற்றவர் என்று ஒப்புக்கொள்வது என்பதுகூட அந்தப் பட்டியலில் எதைத் தட்டுகிறோம் என்பதில் தொங்கியிருக்கிறது, பார்.

இதில் என் பங்கும் உண்டு. காலைப் பெரட்டில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு, களைக்கு மருந்தடிப்பது லேசான வேலை என்று பெண்களை அனுப்பிய தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி நான்தானே? 18 லிட்டர் மருந்துத் தோம்பு முதுகில் ஏறியபின் அதில் என்ன லேசு இருந்தது? ஸ்டோரில் இருந்த முகமூடிகள் யாவும் ஆண் முகத்துக்கு அளவெடுத்தவை. பாக்கியம் போட்டால் கன்னத்தோரம் விரல் நுழையும். அந்தச் சந்தில் அவள் 19 வருடம் பாராகுவாட் களைக்கொல்லியின் வாடையைச் சுவாசித்தாள். நம் மலேசியாவில் அதை முற்றாகத் தடை செய்ததே 2020இல்தான்.

நுரையீரல் மருத்துவர்களின் அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2023இல் இனம் பாராத கணக்கைப் பரிந்துரைத்துவிட்டது. நாங்கள் பார்த்த இயந்திரத்தில் இருப்பது பழைய மென்பொருள். மிஸி இரண்டு எண்களையும் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஊதிப் பார்க்கலாம் என்றார். பாக்கியமோ, "ஊதியது நான், எத்தனை லிட்டர் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்" என்கிறாள்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி போகிறோம். பேரனுக்கு விடுமுறை என்றால் கிள்ளானிலிருந்து கூட்டி வா. திரையைக் காட்ட மிஸி சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
சுப்பையா