வழக்கு எண்ணைக் கையில் வையுங்கள்

ஆசிரியருக்கு,

நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் வழக்கு நிலவரம் அறிய, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணே நேர்வழி. கோடும் இடைவெளியும் இல்லாமல் இட வேண்டும். பெயரால் தேடுவோர்தான் பாவம், அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் பதிவான பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வழக்கு தென்படாது. முதல் மூன்று, நான்கு எழுத்துகளோடு ஆண்டையும் தந்து பாருங்கள். எண்ணால் தேடுவோர் கவனிக்க: வழக்கைத் தாக்கல் செய்யும்போது தரும் தாக்கல் எண் வேறு, வழக்கு பதிவானபின் தரும் பதிவு எண் வேறு. வழக்கு தென்பட்டால் அடுத்த வாய்தா தேதியும், பதிவேற்றப்பட்ட உத்தரவுகளும் கிடைக்கும். ஆனால் அந்த உத்தரவை அச்செடுத்தால் அது சான்றிட்ட நகல் ஆகாது. அதற்கு நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். சம்மன் தாளிலேயே சிஎன்ஆர் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் எத்தனையோ பேரின் அலைச்சல் குறையும்.

– வாசகர், மதுரை